உள்ளங்கைச் சீனி

கிராண்ட்பாஸிலிருந்து கோட்டைக்குப் போகும் காலை டிராமில், எனக்கு முன் இருக்கையில் துறைமுகக் கிளார்க்குகள் இருவர் இருந்தார்கள். ஒருவருடைய ஒரு காலில் சப்பாத்து. மற்றதில் பெருவிரலைச் சுற்றிக் கட்டு.

"சவரி, மூத்திரத்துக்கு வாய் இருக்குது காணும்," என்றார் கட்டுப் போட்டவர்.

"விடியக்காலமை இதென்ன கதை?"

"டொக்டர் கண்ணாடிக் குழாய்க்குள்ள நீல மருந்து விட்டார். என்ர மூத்திரத்தில எட்டுச் சொட்டு விட்டு நெருப்பில பிடிச்சார். நீலம் பச்சையாச்சு, பச்சை மஞ்சளாச்சு, பிறகு பாத்தால் செங்கல் நிறம்! அவ்வளவும் சீனியாம்."

"நீர்தான் தேத்தண்ணிக்குச் சீனி போடுறதை விட்டிட்டீரே?"

"ஓம். போடக்கூடாதெண்டு அவர் சொன்ன நாளில இருந்து ஒரு கரண்டி போடேல்லை. மாதாவாணை."

"பிறகெப்பிடி?"

"சீனியை உள்ளங்கையில வச்சு நக்கி நக்கிக் குடிச்சனான். கந்தோரில மட்டும் நாளுக்கு ஏழெட்டுத் தேத்தண்ணி."

"அதை அவரிட்டச் சொன்னனீரோ?"

"சொல்லேல்லை. பாவசங்கீர்த்தனத்தில சாமியாரிட்டயும் சொல்லேல்லை, அது பாவமெண்டு ஆருக்குத் தெரியும்? அந்தக் குழாய்க்குத் தெரிஞ்சிட்டுது, சவரி."

சவரி குனிந்து அந்தக் கால் கட்டைப் பார்த்தார்.

"விரலை வெட்டுவினமோ?"

"சப்பாத்துக் கடிச்ச புண், மூண்டு மாசமா ஆறேல்லை. அடுத்த முறை நீலம் நீலமாவே நிண்டால் விரலும் நிக்குமெண்டார்."

சவரி தன் வலது உள்ளங்கையைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தார்.

"எனக்கும் ஒருக்கா அந்தக் குழாயைப் பிடிச்சுப் பாப்பாரோ?"