பின்பக்கத்துப் பாட்டு

...அதாங்க தம்பி, காக்காய்க்குக் கொஞ்சங்கூட நன்றி கெடையாது. தெனம் சோறு வைக்கிறோம். அமாவாசைன்னா வடை, பாயாசத்தோட வைக்கிறோம். அதத் தின்னுப்புட்டு நேரா மாடிக்குப் போயி வடகத்துல வாய வைக்குதே, இது ஞாயமா? ஒக்காருங்க, ஒக்காருங்க. பை அங்கயே கெடக்கட்டும். கூத்தாநல்லூர்ல கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா? உங்க வீட்டம்மா ஷமீரா மேல் வீட்டுக்குப் போயிடுச்சா? போகட்டும், பஸ்ஸுல வந்த களைப்பு.

என்னது? உங்க பார்சலா? வந்துச்சே! வராம எங்க போவுது? மொதல்ல வடகம் எடுத்துக்குங்க. நானே கூழு கிண்டினது, நானே ஊத்தினது, நானே பொரிச்சது. சிரிக்காதீங்க. அட, கிண்ணத்தத் தூக்கிப் பாக்காதீங்க தம்பி, வடகம் நொறுங்கிப் போயிடும். மேலாப்புல எடுங்க. ஆமா, புதுக் கிண்ணந்தான். ஓரமெல்லாம் செம்பருத்திப் பூவாட்டம் மடிஞ்சு மடிஞ்சு... நல்லாருக்குல்ல? எண்ணெ ஆவக்கூடாதுன்னு உள்ள வாழயெல வேற போட்டிருக்கேன்.

எல்லாம் எங்க வீட்டுக்காரி அம்சம் பண்ணின வேல. பொண்ணு கனிமொழிக்குப் பிரசவம்னு திருப்பூருக்குப் போனவ, சும்மா போகல. “புள்ளைக்கு வடகம்னா உசுரு. காய வச்சு எடுத்துக்கிட்டு வாங்க”ன்னு சொல்லிட்டுப் போறா. நான் பட்டுக்கோட்டை பூரா தேங்கா யாவாரம் பண்ணவன், எனக்கு வடகத்தப் பத்தி என்ன தெரியும்? அதையும் உடுங்க, போறப்ப கறுப்புக் குடையத் தூக்கிட்டுப் போயிட்டா! அந்தக் குடைய வடகத்துக்குப் பக்கத்துல விரிச்சு வச்சாத்தான் காக்கா அண்டாது. கறுப்பா எதையாச்சும் கண்டா பயம் அதுக்கு. தானே கறுப்பு, அதுக்குக் கறுப்பக் கண்டு பயம். என்ன சென்மமோ.

இருங்க, பார்சலுக்குத்தான் வர்றேன். அந்தக் கொரியர்காரன மொதல்ல சொல்லணும். கூப்புட்டுக் குடுத்தா என்ன? வாசல் கேட்டு மேல செருகிட்டுப் போயிட்டான். அன்னிக்குன்னு பாத்துக் கோட மழ! நான் ஓடிப் போயி எடுக்குறதுக்குள்ள நனைஞ்சிடுச்சு. அடுத்தவங்க பொருளப் பிரிக்கிற பழக்கம் எனக்குக் கெடையாது தம்பி, அது உங்களுக்கே தெரியும். ஆனா நீங்கதான் சொல்லிச் சொல்லி என்னயப் பயமுறுத்தி வச்சிருந்தீங்களே... உலகத்துலயே ஐநூறுதான் போட்டிருக்கான், எட்டு மாசமாக் காத்திருக்கேன், வந்தா கொழந்தயாட்டம் வாங்கி வைங்கன்னு. கொழந்த நனைஞ்சா தொவட்டாம உடுவாங்களா? பிரிச்சேன்.

உள்ள உங்க பாட்டு ரிக்கார்டு. அட்டைய நல்லா பாத்தேன். கறுப்பும் வெள்ளயுமாக் கட்டம் போட்டு, எங்க தாத்தா கைலியாட்டம். குட்டித் தொப்பி போட்ட ஏழு பேரு, ஆளுக்கொரு பீப்பீய வச்சுக்கிட்டு, கால ஒதறிக்கிட்டு நிக்கிறானுவ. ஸ்கா பாப்போ என்னமோ, சீமையில ஆடுற பாட்டுன்னு சொன்னீங்களே. பேரு கூட... லேட் பஸ் பாய்ஸ்! நம்ம பேராவூரணி பஸ்ஸுக்கு நின்ன பசங்க போலருக்கு.

கோச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மின்னெல்லாம் சின்ன ரிக்கார்டுல முன்பக்கம் ஒரு நல்ல பாட்டு வருமாம், பின்பக்கம் சும்மா கெடக்கக் கூடாதேன்னு ஒரு பாட்டப் போடுவானாம். அந்தப் பின்பக்கத்துப் பாட்ட மட்டும் பொறுக்கி, ஒண்ணாச் சேத்து, பெரிய ரிக்கார்டாப் போட்டு, அதுக்கு நம்பர வேற எழுதி அனுப்புறான்னு சொன்னீங்க. உங்களுது எரநூத்திப் பதினேழு. தம்பி, நானும் இத்தன வருஷம் காய் தரம் பிரிச்சவன். நல்ல காய் ஒரு பக்கம், கழிச்ச காய் ஒரு பக்கம். கழிச்ச காய ஒருத்தனும் சீமையிலேர்ந்து வந்து கேட்டதில்ல! அவன் பொழைக்கத் தெரிஞ்சவன். நான் கழிச்ச காய்க்கெல்லாம் நம்பர் எழுதாம உட்டுட்டேன்.

எடுத்துக்குங்க, ஏன் கை நின்னுடுச்சு? உப்பு கம்மியா? இல்லல்ல?

எங்க உட்டேன்? ஆங்... தொவட்டினேன். நல்ல பருத்தித் துண்டு, சலவ பண்ணினது. அப்பறம் மறுநா வெயில் வந்ததும், செத்த காயட்டுமேன்னு வடகம் ஊத்தியிருந்த மாடிக்குக் கொண்டுபோனேன். எது நனைஞ்சாலும் மாடிதானே நமக்கு. நெல்லு, மொளகா, மெத்தை, புள்ளைங்க புத்தகம்... எத வெயில்ல போட்டு நாம கெடுத்தோம்? தரையில வச்சா மண்ணு ஒட்டும்னு ஒரு பானையக் கவுத்துப் போட்டு, அது தலமேல வச்சேன். அவ்வளவு பக்குவம்!

அர மணி நேரம், தம்பி. அர மணி நேரத்துல எடுத்திருக்கணும். எடுக்கலாம்னுதான் போனேன். போயி நிக்கிறேன்... ஒரு காக்கா இல்ல! வடகம் அப்படியே ஊத்தினபடி கெடக்குது. காக்காயெல்லாம் எதிர்வீட்டுக் கொடியில வரிசையா ஒக்காந்துக்கிட்டு அந்த ரிக்கார்டையே பாக்குது. கறுப்பா, பளபளன்னு, வட்டமா, நடுவுல ஒரு கண்ணு வேற. குடையெல்லாம் அதுகிட்டப் பிச்ச வாங்கணும்!

சாயந்தரம் அம்சம் போன் பண்ணினா. “காக்கா வருதா?”ன்னா. “ஒண்ணுகூட வரல”ன்னேன். அப்பறம் சொல்றா, “பரவால்லியே!” தம்பி, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவ வாயால என்னயப் பாத்து அந்த வார்த்த வந்ததில்ல. நீங்களே சொல்லுங்க, மறுநா அந்த ரிக்கார்ட எடுக்க மனசு வருமா? வடகம் காய மூணு நாளு ஆவுமா இல்லயா?

மூணாம் நா போயி எடுத்தா... பானைக்குத் தொப்பி தச்சு மாட்டுனாப்ல நாலாபக்கமும் தொங்கிப் போயி ஒக்காந்திருக்கு. அக்கினி நட்சத்திர வெயிலு, நான் என்ன பண்றது? சும்மாவா உட்டேன்? அம்மிக்கல்லத் தூக்கி வச்சேன், நிமிரல. வெந்நீர்ல போட்டா எளகும்னாங்க, போட்டேன். எளகுச்சு. ஓரமெல்லாம் சுருண்டு, மடிஞ்சு, பூவாட்டம்...

தம்பி? ஏன் எலயத் தூக்குறீங்க? பாத்து, நடுவுல ஓட்ட இருக்கு, தூளு கொட்டும்.

...ஆமா. அதேதான்.

சொல்லத் தெரியாமத்தான் வடகத்தப் போட்டுக் குடுத்தேன். தின்னு முடிச்சதும் தானாத் தெரியட்டுமேன்னு. நீங்க ரிக்கார்டு ப்ளேயருக்குத் துணியப் போத்தி, மாப்புள்ளையாட்டம் ஒக்கார வச்சிருக்கீங்க. உங்க கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு அவசரம் இல்லன்னு ஷமீரா சொல்லிச் சிரிச்சுச்சு. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல. வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிடுவீங்களோன்னு பயம். உங்களாட்டம் நான் பேசுறத ஒக்காந்து கேக்குற ஆளு வேற யாரு இருக்கா இந்தத் தெருவுல? வாயத் தொறந்து நாலு திட்டாவது திட்டுங்களேன்.

ஒண்ணு மட்டும் யோசிச்சுப் பாருங்க. மத்த நானூத்தித் தொண்ணூத்தொம்பது பேரு வச்சிருக்கிறதும் ஒரே மாதிரி தட்ட. இப்படி ஒண்ணு லண்டன்லயே கெடையாது... சரி, சரி, பேசல.

தம்பி, எங்க போறீங்க? உங்க வீட்டுக்கா, மொட்ட மாடிக்கா? ஏங்க, மாடிக்குப் போகாதீங்க! அட்டையா? அட்ட பத்திரமாத்தான் இருக்கு, நெசமா! நானே கொண்டாந்து குடுக்கிறேன், நீங்க ஒக்காருங்க... ஐயோ, ஏறிட்டாரே! தம்பி! மெதுவா மிதிங்க, ரெண்டாவது ஈடு வடகம் காயுது! அட்டைய மட்டும் சாயந்தரம் வரைக்கும் எடுத்துப்புடாதீங்க... அந்தக் கட்டத்தப் பாத்துத்தான் காக்கா கிட்ட வராம இருக்கு!