முப்பத்தைந்து சுற்று மோட்டார்

ரிமோட் வண்டிக்கு மோட்டார் வாங்கப் போகிற எவரும் முதலில் வேகத்தைத்தான் கேட்பார்கள், ஐயா. பாறை ஏறுகிற வண்டிக்கு அது ஆகாது. மோட்டாருக்குள் கம்பிச் சுற்று அதிகமாக இருந்தால் வண்டி நிதானமாகப் போகும், இழுவை கிடைக்கும். அதில் மாட்டுகிற சின்னப் பல்சக்கரத்தில் பல் குறைந்தால் இழுவை இன்னும் கூடும். பல் கூடினால் வேகம் வரும், கூடவே சூடும் வரும்.

எங்கள் தோல் பதனிடும் டேனரியில் பராமரிப்பு என் பொறுப்பு. கழிவுத் தொட்டிக்குள் ஆளை இறக்கக் கூடாது என்பதால், கேமராவையும் விஷவாயு மீட்டரையும் சுமந்து உள்ளே போய்வர ஒரு வண்டி செய்யச் சொன்னார் முதலாளி. உதிரிபாகம் விற்கிற முஸம்மில் என் பழைய கூட்டாளி. "சேத்துக்குன்னா ஐம்பத்தஞ்சு சுத்து மோட்டார் போடு தோஸ்த். பல்லு கம்மியா இருக்கட்டும்" என்றான்.

நான் முப்பத்தைந்து சுற்று மோட்டாரும் பெரிய பல்சக்கரமும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்றம்பள்ளிப் பக்கம் பாறைகளில் நாங்கள் கூட்டாளிகள் வண்டி விடுவோம், நான் கொண்டுபோவது இதே வண்டியைத்தான். அங்கே என் வண்டி மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தால் எனக்கு அவமானமாக இருக்கும். இதை நான் மறைக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை தொட்டியில் கசடு கெட்டியாக இருந்தது. வண்டி கொஞ்ச தூரம் போய், மோட்டார் சூடேறி நின்றுவிட்டது. மீட்டருக்குத் தனி பேட்டரி. அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. என் போனில் வாயு அளவு சிவப்பாகத் தெரிந்தது.

பிரேம்நாத்தைக் கூப்பிட்டேன். என்னிடம் வேலை செய்கிறவர்களில் அவனைத்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும், சொன்னால் மறுக்க மாட்டான். தொட்டியின் மூடியருகே நின்று, "மீட்டர் இன்னா சார் காட்டுது?" என்று கேட்டான். போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"கம்மிதான். சட்டுனு எடுத்துட்டு வந்துடு."

மறுநாள் ஞாயிறு என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவன் ஏணியில் முக்கால்வாசி ஏறிவிட்டான். ஒரு கையில் வண்டி. முகம் சரியில்லை. இன்னொரு கையை ஏணியிலிருந்து எடுத்து என் பக்கம் நீட்டினான். வண்டி கனமானது, அதை வாங்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. வாங்கி, பக்குவமாகத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். ஏணியில் ஆள் இல்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்தவர்களை உள்ளே இறங்க விடாமல் தடுத்தவன் நான்தான். உள்ளே வாயு எவ்வளவு என்று எனக்குத் தெரியுமே. அவர்கள் உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்பதை யாரும் பேசவில்லை.

ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவன் மனைவி ஹெலன் என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "மீட்டர பாத்துட்டுதான சார் எறக்கினீங்க?" பார்த்தேன் என்று சொன்னேன். நான் அவளிடம் பொய் சொல்லவில்லை.

எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. தூக்கம் சரியாக வருவதில்லை. மோட்டார் விஷயத்தில் நான் முஸம்மில் பேச்சைக் கேட்டிருக்க வேண்டும். அந்தத் தப்பை ஒத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் என்னை அழைக்க வந்தபோது, ஐம்பத்தைந்து சுற்று மோட்டாரைத்தான் மாட்டி முடித்திருந்தேன். சின்னப் பல்சக்கரமும் போட்டாயிற்று. அன்று காலையிலேயே அதே தொட்டியில் விட்டுப் பார்த்தேன், எங்கேயும் நிற்காமல் போய்வந்தது. இனி பிரேம்நாத் இறங்க வேண்டிய அவசியமே இருக்காது.