உத்தரத்தில் தொங்கிய வலை

பிள்ளைகளே, ஒல்லாந்தர் கோட்டைக்குப் போகும் படகில் இன்று என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நண்டு விற்பவள். மற்றவள் மடியில் வீடு வாங்கிய பத்திரம் இருந்தது. அவர்கள் பேசியதைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

"வீட்டை வித்தவரு செத்து ரெண்டு மாசமாச்சுக்கா. இன்னும் காலி பண்ணல," என்றாள் பத்திரக்காரி.

"இன்னாடி சொல்ற?"

"நம்ம வழக்கம் தெரியுமில்ல. வித்தவரு உத்தரத்துல தொங்குற வலையைத் தன் கையால எறக்கினாத்தான் வீடு கைமாறும். அதை அப்டியே பத்திரத்துல எழுதச் சொன்னேன், புத்தி கெட்டவ. எறக்கறதுக்குள்ள கடல் அவரைக் கொண்டுபோயிடுச்சு."

"நீயே எறக்கக் கூடாதா?"

"வேற யாரு எறக்கினாலும் பத்திரம் செல்லாதுன்னு கோட்டை எழுத்தரு சொல்றாரு. என் பொண்ணு நெறமாசம். மழை வந்தா எங்க குடிசை நிக்காது. பெத்தவளை எங்க படுக்க வைப்பேன்?"

"பாவம்டி."

"அந்த வலை தெனம் காலையில ஈரமா இருக்குக்கா. நேத்து அதுல ரெண்டு மடவை மீனு துடிச்சுது."

"நீ இன்னா பண்ண?"

"கொழம்பு வச்சேன். வித்தவரு குடுத்தது, வேணாங்கலாமா?"

நண்டுக்காரி சிரித்தாள். மற்றவள் சிரிக்கவில்லை.

"இன்னிக்கு விடிஞ்சதும் போய்ப் பார்த்தா வலையைக் காணோம்."

"எவனாச்சும் திருடியிருப்பான். யாரு எறக்கினதுன்னு எழுத்தரு கேட்டா இன்னா சொல்லுவ?"

"வித்தவருதான்னு சொல்லுவேன். வெளியில நான் போட்ட பூட்டு பூட்டினபடியே இருந்துச்சு. உள்ள, உத்தரத்துக்குக் கீழேர்ந்து ஈரமான காலடி கதவண்ட வரைக்கும் இருந்துச்சுக்கா. வெளியில ஒண்ணுமில்ல."