அக்கா சொன்ன பதில்

மாத்தளையிலிருந்து எல்கடுவ போகும் பஸ்ஸில், முன் இருக்கையில் இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு வந்தார்கள். வேறு ஆட்கள் வருஷக்கணக்காக ஒரே வீடுகளுக்குப் போய்க் கேட்டெடுத்த கணக்கெடுப்பை வைத்து இருவரும் ஆய்வு செய்கிறார்கள் என்று தெரிந்தது.

"கணக்கெடுப்புல பேர் இல்லாட்டியும் அது எங்க அக்கா வீடுன்னு தெரிஞ்சிருச்சு" என்றாள் இளையவள்.

"எப்படி?"

"தோட்டத்து லயத்துல வரிசை வீடு, ரெட்டைப் பொம்பளப் பிள்ளைங்க, படுத்த படுக்கையா புருஷன். வேற யாரு இருக்காங்க?"

"என்ன சொல்லியிருக்காங்க?"

"பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு ராத்திரியில சாப்பிடுறதில்லையாம். முந்தின தடவை கேட்டப்பவும் அதேதான் சொல்லியிருக்கு. என்கிட்ட போன்ல எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்லும்."

"நேர்ல கேட்டுருங்க."

"எப்படிக் கேக்கிறது? பதில் சொன்னது யாருன்னு தேட மாட்டோம், அதைப் பத்தி அவங்ககிட்ட பேச மாட்டோம்னு நாம கையெழுத்துப் போட்டிருக்கோமே. யாருக்கும் தெரியாதுன்னு நம்பித்தானே அக்காவும் சொல்லுச்சு."

"அப்போ இன்னிக்கு அக்கா வீட்டுக்குப் போயி என்ன செய்யப் போறீங்க?"

அவள் மடியிலிருந்த காய்கறிப் பையை நிமிர்த்தி வைத்துக்கொண்டாள்.

"ராத்திரிக்கு நான் சமைக்கிறேன். தனியாச் சாப்பிட்டுப் பழக்கமில்ல, நீயும் உக்காருன்னு சொல்லுவேன். தங்கச்சி கூப்பிட்டா உக்காரும்."