இரண்டு விரல் கொக்கு

கொக்குக்குக் காலில் முன்பக்கம் எத்தனை விரல் என்று கேட்டால், ஐயா, பத்துப் பேரில் ஒன்பது பேருக்குச் சொல்லத் தெரியாது. மூன்று. எங்கள் கம்பெனிக் கொக்குக்கு மட்டும் இரண்டு.

நாங்கள் செய்வது கேஸ் டியூப். சிலிண்டரிலிருந்து அடுப்புக்குப் போகுமே, அந்த ரப்பர் குழாய். அதன்மேல் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கொக்கு நிற்கும். அதுதான் எங்கள் டிரேட்மார்க். பெரிய முதலாளியின் மச்சான் வரைந்த படம். அவருக்குப் பறவையும் தெரியாது, படமும் வராது. திருத்திவிடலாம் என்று முதலாளி சொன்னபோது நான்தான் வேண்டாம் என்றேன். போலி செய்கிறவன் எப்போதும் நம்மைவிட நன்றாகச் செய்யப் பார்ப்பான். மூன்றாவது விரலைப் போட்டுவிடுவான், மாட்டிக்கொள்வான். இந்த ரகசியம் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். அவர் போன பிறகு எனக்கு மட்டும்.

போலிச் சரக்கைப் பிடிக்கப் போலீஸ் ஒரு கடைக்குள் நுழையும்போது நானும் கூடப் போவேன். ஒரு டியூபை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, "நம்மளுது இல்ல" என்று சொன்னால் கடைக்குப் பூட்டு. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டால், சொன்னால் அடையாளம் வெளியே போய்விடும் என்பேன். கோர்ட்டே ஒப்புக்கொண்டது. கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள், எனக்கும் அப்படித்தான். அதுவரை ஒரு கடைக்காரரைக்கூட நான் தப்பாகக் காட்டிக்கொடுத்ததில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு.

பிறகு ஒரு வீட்டில் தீப்பிடித்தது. மாமியாரும் மருமகளும் போய்விட்டார்கள். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, கருகாமல் மிஞ்சிய டியூப் துண்டை மேஜையில் வைத்தார். லென்ஸை வைத்தேன். இரண்டு விரல்.

எனக்கு ஆச்சரியமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது எந்த லாட்டில் வந்த சரக்கு என்று பார்த்ததுமே தெரிந்தது; அந்த லாட்டுக்கு மட்டும் ரப்பரை வேறு இடத்தில் மலிவாக வாங்கினார்கள். "வளைச்சா வெடிக்குதுண்ணே, யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டேங்கறாங்க" என்று ஃபோர்மேன் என்னிடம் புலம்பியிருந்தார். ஸ்டேஷன் வாசலுக்கு வந்து, பெரியவருக்குப் பிறகு கம்பெனியைப் பார்க்கிற சின்ன முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். "பேரு போச்சுன்னா எல்லாம் போச்சு. உங்களுக்குத் தெரியாததா?" என்றார், அவ்வளவுதான்.

உள்ளே வந்து, "நம்மளுது இல்ல சார்" என்றேன்.

அதை விற்றவரைக் கடைத்தெருவில் சிரிப்புக்காரர் என்பார்கள். எதைச் சொன்னாலும் சிரித்துவிட்டுத்தான் சொல்வார். ஸ்டேஷனிலும் சிரித்தார். "சார், இது உங்க வண்டியில வந்த சரக்கு. எங்கடைக்குக் கொக்கு போர்டு மாட்டினப்போ ஏணியப் பிடிச்சதே நீங்கதானே? எடுத்துச் சொல்லுங்க சார்."

நான் சொன்னதையே திரும்பச் சொன்னேன். ஜனங்கள் கடையை அடித்து நொறுக்கினார்கள். ஜாமீனில் வந்தவர் ஒரு மத்தியானம் உள்ளே போய் ஷட்டரை இழுத்து விட்டுக்கொண்டார். உடைத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

அவர் மனைவி என் ஆபீசுக்கு வந்தார். அழவில்லை. "அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு தெரிஞ்சு வித்தாரா, தெரியாம வித்தாரா? அது போதும் எனக்கு."

தெரியாமல் என்று சொன்னால், அப்படியானால் சரக்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். "தெரிஞ்சுதாம்மா" என்றேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். குடிக்காமலே போய்விட்டார்.

கடைகளில் கிடந்த அந்த லாட்டைத் திரும்ப வாங்கியிருக்கலாமே என்பீர்கள். போலியை எந்தக் கம்பெனியாவது திரும்ப வாங்குமா? வாங்கினால் எங்களுடையது என்று ஆகிவிடும். ஆகவே விட்டுவிட்டோம். என் வீட்டிலும் அந்த லாட்தான் இருந்தது. அதை மட்டும் கழற்றிப் புதிது மாட்டினேன். பழையதைச் சமையலறை மூலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் காணவில்லை.

"வேலைக்கு வர்ற பொண்ணு கேட்டா, குடுத்துட்டேன்" என்றாள் என் மனைவி. "அவ வீட்டுல இருக்கறது நைஞ்சு போச்சாம். இது புதுசு மாதிரிதானே இருக்கு? ஏன், குடுக்கக் கூடாதா?"

கூடாது என்றால் ஏன் என்பாள். "இருக்கட்டும்" என்று டீயைக் குடித்தேன்.

அன்றிலிருந்து காலையில் வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்கும்வரை எனக்கு இருப்புக் கொள்ளாது. கேட்டதும் மூச்சு வரும். அந்தப் பெண் ஒரு நாள், "டியூபு நல்லா இருக்கு சார். உங்க கம்பெனிதுன்னா சும்மாவா?" என்று சிரித்தாள். அவளுக்குக் கொடுக்க ஒரு புது டியூபைப் பையில் போட்டே வைத்திருந்தேன், ஐயா. நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மாத்தணும் என்று கேட்டுவிடுவாளோ என்றுதான் கொடுக்கவில்லை.

ஒரு காலையில் தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மறுபடி ஒரு துண்டை மேஜையில் வைத்தார். லென்ஸ் தேவைப்படவில்லை. நுனி சாய்வாக வெட்டியிருந்தது. என் வீட்டுக் கத்தியால், அடுப்புக்கு அளவு பார்த்து, நானே வெட்டியது. இருந்தும் லென்ஸை வைத்தேன், வழக்கத்தை விடக்கூடாது என்று.

"நம்மளுது இல்ல சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "என்னங்க, அது நாம குடுத்ததுதானே?" இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அடுப்பையும் சிலிண்டரையும் தூக்கி வெளியே வைத்துவிட்டோம். ஆனாலும் எல்லா அறையிலும் எனக்குக் கேஸ் நாற்றம் அடிக்கிறது. காலையில் தாழ்ப்பாள் சத்தம் கேட்கிறது. எழுந்து போய்ப் பார்க்கிறேன். யாரும் இல்லை. பயமாக இருக்கிறது, ஐயா. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன்.

நால்வர் போனதற்கும் காரணம் நான்தான். சிரிப்புக்காரர் ஒரு குற்றமும் செய்யவில்லை. எந்தச் செக்‌ஷன் வேண்டுமானாலும் போடுங்கள், எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதில் கம்பெனி பெயர் வேண்டாம், ஒரு தனியார் நிறுவனம் என்று எழுதுங்கள். கொக்கின் விரலையும் அடித்துவிடுங்கள். அது வெளியே தெரிந்தால் போலிக்காரர்கள் திருத்திக்கொள்வார்கள். போலி டியூப் வீட்டுக்குள் வந்தால் ஜனங்கள் உயிருக்கு ஆபத்து, ஐயா.