தேநீரில் நனைத்த அஞ்சலி

உங்கள் பொலிஸ் நிலையத்துக் கதிரை நல்ல கதிரை. முதுகைத் தாங்குகிறது. என் வீட்டில் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகள் இருந்தன. ஒன்றுக்குக் கால் உடைந்திருந்தது. நெடுங்காலம் அதைத் திருத்த வேண்டிய தேவை வரவில்லை.

நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். இரத்தினேஸ்வரியின் முறைப்பாட்டுக்குப் பதில் எழுத அரைப் பக்கம் போதும். மிச்சத்தை எழுதுவதற்குக் காரணம், என் கைத்தொலைபேசி இப்போது உங்கள் மேசையில் கிடக்கிறது. நாளைக்கோ மறுநாளோ திறந்து பார்ப்பீர்கள். பார்த்துவிட்டுத் தப்பாக விளங்கிக்கொள்வீர்கள்.

பெயர் சின்னராசா. வயது ஐம்பத்து நான்கு. மணமாகவில்லை. உட்துறைமுகப் பக்கம் வாடகை வீடு. நகரத்து அச்சகம் ஒன்றில் கணினியில் எழுத்துக் கோக்கிறேன். இந்த ஊரில் யாருக்குப் பொன்னாடை போர்த்தினாலும் வாழ்த்து மடல் என் கையால்தான் போகும். யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலியும் அப்படியே. இருபத்தெட்டு வருடமாகச் 'சமூகஜோதி', 'சேவைச் செம்மல்', 'கலைச்சுடர்' என்று அடித்துக் கொடுத்தவனுக்கு வயிறு குமட்டாமல் இருக்குமா? ஒருவர் தன் பெயருக்கு முன்னால் வரவேண்டிய பட்டங்களை முழுத்தாள் நிறைய எழுதி வந்தார். பெயரை எழுத மறந்துபோனார்.

அந்தக் குமட்டலுக்கு மருந்தாகத்தான் முகநூலில் 'ஊசிக்காரன்' என்ற பக்கத்தைத் தொடங்கினேன். ஊதிய பலூனை எங்கே கண்டாலும் குத்துவது. அறுபதாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட என் வீட்டுக் கதவைத் தட்டியது கிடையாது.

இரத்தினேஸ்வரியைச் சாம்பல்தீவில் வாக்கு அம்மா என்பார்கள். செத்தவர்களும் காணாமற்போனவர்களும் அவர் வாயால் கதைப்பார்கள் என்பது நம்பிக்கை. கனடாவில் இருந்தும் ஆட்கள் காணொளி அழைப்பில் காத்திருந்தார்கள். அவர் எப்படிச் செய்கிறார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாக இருந்தது. நகரத்து பஸ் நிலையத்தில் அவருடைய மருமகன் சுகிர்தன் ஓட்டோவோடு நிற்பார். வாக்குக் கேட்க வருகிற முகம் அவருக்குத் தெரியும். ஏறியதும் இரக்கமாக விசாரிப்பார். பாதி வழியில் தண்ணீர்ப் போத்தல் வாங்கவென்று இறங்கி, கடைக்குப் பின்னால் நின்று வாக்கு அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்வார். சனம் ஓட்டோவுக்குள் இறக்கிய துக்கத்தையே வாக்கில் திரும்பக் கேட்டு மெய்சிலிர்த்தது.

நான் சுகிர்தனிடம் என் மனைவியைப் பற்றிச் சொன்னேன். பெயர் நிரோஜினி, சிறுநீரக வருத்தம், செத்து ஆறு வருடம். அப்படி ஒரு மனுசி உலகத்தில் இருந்ததில்லை. அரை மணித்தியாலத்தில் இரத்தினேஸ்வரிக்கு உரு வந்தது. கண்ணை மூடி, குரலை மெல்லியதாக்கி, "நீங்க இப்பவும் நேரத்துக்குச் சாப்பிடுறேல்ல, என்ன?" என்றார். என் சட்டைப் பையில் இருந்த போன் எல்லாவற்றையும் பதிந்தது. அந்த வசனத்தை மட்டும் பிறகு வெட்டிவிட்டேன். வீடியோ நீண்டுவிடும் என்பதால்தான்.

எனக்கு அடுத்ததாக வயதான ஓர் அம்மா உள்ளே போனார். நான் வாசலில் நின்று அதையும் எடுத்தேன். "உன்ர பிள்ளை கடலுக்கு அங்கால உயிரோட இருக்கிறான். இந்த வருசத்துக்குள்ள உனக்கு அவன்ர சேதி வரும்" என்றார் இரத்தினேஸ்வரி. அந்த அம்மா இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த இடத்தில் ஒரு பலூனையும் ஊசியையும் போட்டு, வெடிக்கும் சத்தம் ஒன்றும் சேர்த்தேன். ஆட்கள் மிகவும் இரசித்தார்கள்.

மூன்றே நாளில் மூன்று இலட்சம் பேர் பார்த்தார்கள். இரத்தினேஸ்வரியின் காலில் விழுந்து படம் எடுத்துப் போட்டவர்கள், தங்களுக்கு அப்போதே சந்தேகம் என்று எழுதினார்கள். இளைப்பாறிய அதிபர் ஒருவர் பகுத்தறிவைப் பற்றி ஏழு பந்தி எழுதினார். தன் இடமாற்றத்துக்காக அவர் இரண்டு முறை வாக்குக் கேட்டவர் என்று சுகிர்தன் கீழே பதில் போட்டார். வாக்கு அம்மாவின் பெயர்ப்பலகையை யாரோ பிடுங்கி எறிந்தார்கள். அவருடைய இளைய மகள் லக்சனாவுக்குப் பேசிவந்த சம்பந்தம் நின்றுபோனது. நாளுக்கு நாற்பது பேர் வந்த இடத்தில் மூன்று பேர் வந்தார்கள். இவை எல்லாம் முறைப்பாட்டில் இருக்கின்றன. ஒன்றையும் மறுக்கவில்லை.

முறைப்பாட்டில் இல்லாதது ஒன்று உண்டு. சனத்தின் நம்பிக்கை குறையவில்லை, இடம்பெயர்ந்தது. பாதி நிலாவெளியில் இன்னொரு வாக்குக்காரரிடம் போனது. மீதி என்னிடம் வந்தது. கணவன் இருக்கிறாரா, தம்பியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்துக்குக் கடிதம் கடிதமாக எழுதினார்கள். பொய்யைக் கண்டுபிடித்தவனுக்கு மெய் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறார்கள். நானும் தெரியாது என்று எழுதவில்லை. விசாரித்துப் பார்க்கிறேன் என்று எழுதினேன்.

வீடியோவில் அழுத அம்மா நேரே அச்சகத்துக்கே வந்துவிட்டார். பெயர் புஷ்பவதி, வயது எழுபத்தொன்று. சொந்த ஊர் சம்பூர். இரண்டாயிரத்து ஆறில் ஊரோடு ஓடியபோது பத்தொன்பது வயது மகன் கிருஷாந்தன் கைதவறிப் போனான். பிறகு பல முகாம்கள், கடைசியில் நகரத்தில் ஓர் அறை. ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஏசவில்லை.

"நீங்கதானே தம்பி ஊசிக்காரன்? என்ர முகத்தையும் போட்டிட்டீங்கள், பறவாயில்ல. அவ சொன்னது பொய் எண்டா, மெய்யை நீங்க சொல்லுங்கோவன்."

விசாரிக்கிறேன் அக்கா என்றேன். விசாரணை எவ்வளவில் நிற்கிறது என்று கேட்க அடுத்த கிழமை வீட்டுக்கு வந்தார். வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு, சோறும் மீன்குழம்பும் கட்டிக்கொண்டு வந்தார். பிறகு புதனும் சனியும் மதியம் வருவது வழக்கமானது. நான் உடைந்த கதிரையைத் திருத்தினேன். அவர் மகனைப் பற்றிக் கதைப்பார், நான் சாப்பிடுவேன். அவன் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை என்றார். ஒவ்வொரு வாக்காக நம்பிப் பத்தொன்பது வருடம் திவசமும் செய்யவில்லை.

சித்திரையில் ஊசிக்காரன் பக்கத்துக்கு ஒரு செய்தி வந்தது. அதை நீங்கள் போனில் பார்க்கலாம். தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருந்துகொண்டு சுவருக்குப் பெயின்ற் அடிக்கிற ஒருவன். 'ஐயா, அம்மா செத்திட்டா எண்டு அண்டைக்கு ஊர்ச்சனம் சொன்னது. நானும் நம்பி அழுது முடிச்சிட்டன். உங்கட வீடியோவில அழுற ஆள் அவ மாதிரி இருக்கிறா. அம்மாவுக்கு இடது சின்னவிரல் மடங்காது. அந்தக் கையைப் பாத்துச் சொல்லுவீங்களோ.' கீழே பெயர் போட்டிருந்தான்: கிருஷாந்தன், சம்பூர்.

நான் அவசரப்படுகிறவன் அல்ல. சனிக்கிழமை வரை பொறுத்திருந்து, புஷ்பவதியிடம் விரலைப் பற்றிச் சாதாரணமாகக் கேட்டேன்.

"திருக்கை முள்ளு, தம்பி. அவனுக்கு அப்ப மூண்டு வயசு. அம்மாக்கு நோகுது எண்டு வாயால ஊதி ஊதியே பொழுதுபட்டுப்போச்சு."

அன்றுதான் அவர் சிரித்ததைப் பார்த்தேன். இரண்டாம் முறையும் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

இப்போது என் நிலையை யோசித்துப் பாருங்கள். கடலுக்கு அங்கால, உயிரோடு, இந்த வருசத்துக்குள்ளே. குருட்டாம்போக்கில் எறிந்த கல் மாங்காயில் பட்டுவிட்டது. கிருஷாந்தன் உயிரோடு வந்து நின்றால் இரத்தினேஸ்வரி மறுபடி தெய்வமாகிவிடுவார். இந்த முறை சாட்சியோடு. அறுபதாயிரம் பேர் மட்டுமா, மாவட்டமே அவர் வாசலில் நிற்கும். ஒருவன் உயிரோடு இருப்பதால் எத்தனை பேர் மூடத்தனத்துக்குத் திரும்புவார்கள் என்று கணக்குப் பார்த்தால், பொறுப்புள்ள யாரும் என் முடிவுக்குத்தான் வருவார்கள்.

அது வேறு ஆள் என்று பதில் போட்டேன். சம்பூர்ப் புஷ்பவதி இரண்டாயிரத்து ஏழிலேயே காலமாகிவிட்டார் என்று விசாரித்து அறிந்ததாக எழுதினேன். ஏதாவது அத்தாட்சி இருக்குமா என்று கேட்டான். நியாயமான கேள்வி. புஷ்பவதியின் அறையில் தொங்கிய அவருடைய பழைய படத்தை, மங்கிப்போகிறது, பிரதி எடுத்துத் தருகிறேன் என்று வாங்கி வந்தேன். அதை வைத்து ஒரு கண்ணீர் அஞ்சலி கோத்தேன், வழக்கமான அமைப்புத்தான். இடது பக்கம் 'அன்னை மடியில் 1954', வலது பக்கம் 'ஆண்டவன் அடியில் 2007', நடுவில் நான்கு வரிக் கவிதை. வெள்ளைத்தாளில் எடுத்து, பால் விடாத பிளேன்ரீயில் நனைத்து, வெயிலில் காயவைத்துப் படம் பிடித்து அனுப்பினேன். பதினெட்டு வருடப் பழசு போலவே இருந்தது. அச்சகத்தில் இவ்வளவு கவனமாக நான் எந்த அஞ்சலியையும் செய்ததில்லை.

இரண்டு நாள் போனது. பிறகு, அம்மா கடைசியில் ஏதாவது சொன்னாவாமா என்று கேட்டான். அவரைப் பார்த்துக்கொண்ட ஒருவரைத் தேடிப் பிடித்ததாக எழுதினேன். 'பிள்ளை நேரத்துக்குச் சாப்பிட வேணும் எண்டு சொன்னவவாம்.' அந்த வசனம் எப்படிக் கைக்கு வந்தது என்று தெரியவில்லை. அதன்பிறகு மாதம் ஒருமுறை எழுதுவான். நானும் ஏதாவது அனுப்புவேன்: வளவில் நின்ற முருங்கை, அவன் விழுந்த கிணற்றுக்கட்டு, அம்மா பாடிய தாலாட்டு. ஒன்றும் பொய்யில்லை. அத்தனையும் புஷ்பவதி என் வீட்டில் இருந்து சொன்னவை. சுகிர்தன் செய்ததோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம். அவர் பிழைப்புக்குச் செய்தார்.

புரட்டாதியில் புஷ்பவதி கேட்டார்.

"தம்பி, நீங்க இவ்வளவு நாளா விசாரிச்சும் ஒண்டும் வரேல்ல. இனி அவன்ர கிரியையைச் செய்யட்டோ? நீங்க சொன்னா நான் செய்வன்."

கையில் சோற்றுப் பிடி இருந்தது. அதை விழுங்கிவிட்டு, செய்யுங்கோ அக்கா என்றேன்.

கடற்கரையில் செய்தோம். ஐயர் கிருஷாந்தனின் நட்சத்திரம் கேட்டபோது நான்தான் சொன்னேன். மாலையும் நான்தான் வாங்கினேன். படத்தின் ஆணி உயரமாக இருந்ததால் ஏறிப் போட்டதும் நான்தான். புஷ்பவதி கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இனிப் பாத்துக்கொண்டு இருக்க ஒண்டுமில்ல" என்றார். அன்று காலையில்கூடக் கிருஷாந்தன் எழுதியிருந்தான். நான் இன்னும் திறக்கவில்லை. மறுகிழமையில் இருந்து அவர் தினமும் மதியம் வரத் தொடங்கினார்.

குற்றம் என்று நீங்கள் எழுதுவதானால் எழுதுங்கள்: மகன் இருப்பது தெரிந்தே தாயைக்கொண்டு கிரியை செய்வித்தேன், தாய் இருப்பது தெரிந்தே மகனுக்கு அஞ்சலி அச்சடித்தேன். எட்டு மாதம். யாரும் என்னைத் தூண்டவில்லை. அவனுடைய இலக்கம் போனில் 'பெயின்ற்' என்ற பெயரில் கிடக்கிறது. அழைப்பதா இல்லையா என்பது இனி உங்கள் பொறுப்பு.

இப்போது நேரம் பன்னிரண்டரை. அவர் சாப்பாட்டோடு என் வாசலில் வந்து நிற்பார், கதவு பூட்டிக் கிடக்கும். என்னை இங்கே மறித்து வைப்பதானால் யாரையாவது அனுப்பிச் சொல்லிவிடுங்கள். பாவம், என்னை விட்டால் அந்த மனுசிக்கு வேறு ஒருவரும் இல்லை.