பன்னிரண்டாவது கோப்பு

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் மாணிக்கம்மாள் அவர்களே, ஒன்பது வாய்தாவுக்கும் கட்டணம் வாங்காமல் வந்து நின்ற வழக்கறிஞர் சக்திவேல் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சின்னராஜின் மனைவி தேவயானி அவர்களே, நெல்லிவாசல்நாட்டின் ஊர்களிலிருந்து நடந்தும் ஜீப் பிடித்தும் வந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, சின்னராஜ் சாரிடம் கணினி கற்ற பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் பெயர் ஜெயசுதா. ஆலங்காயத்தில் இ-சேவை மையம் நடத்துகிறேன். சாதிச் சான்றிதழுக்கும் பிள்ளைகளின் உதவித்தொகைக்கும் மலையிறங்கி வந்தவர்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். ஆறு ஆண்டுகள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் கணினிப் பயிற்றுநர் சின்னராஜ். வயது நாற்பத்தொன்று. போன மாதம் பதினெட்டாம் தேதி, நீதிமன்றத்தில் இன்னொரு வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பியவர், ஆலங்காயம் பேருந்து நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வாணியம்பாடி போய்ச் சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். வழக்குதான் அவரைக் கொன்றது என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். எனக்கு அது தெரியாது. தெரிந்ததை மட்டும் சொல்ல வந்திருக்கிறேன். அதுவே எனக்குப் போதுமான பாரமாக இருக்கிறது.

சின்னராஜ் எப்படிப்பட்டவர்? பாஞ்சாலை அம்மா இங்கே இருக்கிறார், அவரைக் கேளுங்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு மதியம், எங்கள் மையத்துக்கு வந்து தன் போனைச் சின்னராஜிடம் நீட்டினார். ஓடிபி வந்திருந்தது. சின்னராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நீங்களே படிச்சி போடுங்கம்மா."

"இன்னா சாரே, எனக்கு இன்னா தெரியும்? நீயே பாத்துப் போட்டுக்கயேன்."

"இது உங்க வூட்டுச் சாவி மாதிரிம்மா. அத நான் வாங்கலாமா?"

பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள், முணுமுணுக்கிறார்கள், நானும்தான். சின்னராஜ் ஒரு காகிதத்தை எடுத்து பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை பெரிதாக எழுதினார். அன்று மூன்று முறை ஓடிபி காலாவதியானது. நான்காவது முறை பாஞ்சாலை அம்மா ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்கப் போனார். "சத்தமா வேணாம்மா, நீங்களே தட்டுங்க" என்றார் சின்னராஜ். பாஞ்சாலை அம்மாவே தட்டினார்! இன்றுவரை அவர் போனை வேறு யாரும் தொட முடியாது. அப்படிப்பட்ட மனிதர் மீதுதான், அடுத்தவர் தகவலைத் திருடினார் என்று வழக்குப் போட்டார்கள்.

அந்த வழக்கு எப்படி வந்தது?

மலைவாழ் மாணவர்களின் உதவித்தொகைக்கு ஒரு இணையதளம் இருக்கிறது. ஒரு தனியார் நிறுவனம் ஒப்பந்தம் எடுத்துச் செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜூன் பன்னிரண்டாம் தேதி, எங்கள் மையத்தில் ஒரு மாணவரின் விண்ணப்ப எண்ணைத் தட்டும்போது கடைசி இலக்கம் தவறிவிட்டது. பிழை என்று காட்ட வேண்டிய இடத்தில், ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு பையனுடைய கோப்பு முழுசாகத் திறந்தது. கடவுச்சொல் கேட்கவில்லை. புகைப்படம், போன் எண், அப்பா பெயர், சாதி, விடுதி முகவரி, வங்கிப் புத்தகம் எல்லாம் கண்ணெதிரே. எண்ணை ஒன்று கூட்டினால் அடுத்த பிள்ளையுடையதும் திறக்கும் என்று புரிந்தது. இன்னொன்று கூட்டினால் அதற்கடுத்த பிள்ளையுடையது.

சின்னராஜ் எட்டி வந்து திரையை உள்ளங்கையால் மறைத்தார். "மூடுங்கக்கா. நாம பாக்கக் கூடாது."

அன்று மாலையே துறைக்கும் நிறுவனத்துக்கும் கடிதம் எழுதினார். பதில் இல்லை. பத்து நாள் கழித்து இன்னொன்று. பதில் இல்லை. மூன்றாவது கடிதத்துக்குப் பிறகு எப்படியோ ஒரு அதிகாரியைப் போனில் பிடித்தார். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மலையில இருக்கறவங்க ஃபைல்ல இன்னாய்யா ரகசியம் இருக்கப் போவுது?" சின்னராஜ் குரலை உயர்த்தவில்லை. "ரகசியம் இருக்கறவன் மட்டுமா சார் வூட்டப் பூட்டிக்கிறான்?" என்று கேட்டார். போன் துண்டிக்கப்பட்டது.

ஆகஸ்டில் சரிதாவுக்குப் போன்கள் வர ஆரம்பித்தன. சரிதா இந்தக் கூட்டத்தில் இருக்கிறாள். அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகே பேசுகிறேன். வேலூரில் நர்சிங் சேர்ந்து முதல் ஆண்டு. முன்பின் தெரியாத ஆண்கள் கூப்பிட்டார்கள். அவள் பெயர் தெரிந்திருந்தது, எந்த விடுதி என்று தெரிந்திருந்தது, அப்பா பெயர் சடையன் என்று தெரிந்திருந்தது. அவளுடைய புகைப்படத்தையே அவளுக்கு அனுப்பினார்கள். சேதி ஊருக்கு வந்தது. ஊர் என்ன சொல்லும்? "பொண்ணு நம்பர் குடுக்காமயா கூப்புடுவான்?" என்றது. சடையன் போய் மகளை அழைத்து வந்துவிட்டார். படிப்பு போதும் என்றார். பதினெட்டு வயதுப் பெண், தான் செய்யாத ஒன்றுக்காக யார் முகத்தையும் பார்க்க முடியாமல் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள்.

சின்னராஜ் சடையன் வீட்டுக்குப் போனார். சடையனின் போனையே வாங்கி, அந்த இணையதளத்தின் முகவரியில் சரிதாவின் விண்ணப்ப எண்ணைப் போட்டார். படத்தோடு எல்லாம் வந்தது.

சடையன் போனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "அப்போ என் பொண்ணு யாருக்கும் நம்பர் குடுக்கலியா?"

"குடுக்கல மாமா. சர்க்காரு வெப்சைட்டுதான் குடுத்துச்சி."

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எங்க புள்ளைது வருதா பாரு, எங்க புள்ளைது வருதா பாரு என்று ஒவ்வொருவராக எண்ணைக் கொடுத்தார்கள். பெற்றவர்கள் கேட்க, பெற்றவர்கள் முன்னால், சரிதாவுடையதோடு சேர்த்துப் பதினோரு கோப்புகள் திறந்தன. மறுநாள் காலை சடையன் மகளின் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். சரிதா இப்போது மூன்றாம் ஆண்டு.

ஆனால் அன்று யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். அது நாலு பேருக்குப் போய், நாற்பது பேருக்குப் போய், நிறுவனத்துக்கும் போனது. மூன்று கடிதத்துக்குப் பதில் சொல்ல நேரமில்லாதவர்களுக்குப் புகார் எழுத நேரம் இருந்தது! அனுமதியின்றி அரசு இணையதளத்துக்குள் நுழைந்தார், பன்னிரண்டு பேரின் தகவலை எடுத்தார் என்று புகார். போலீஸ் வந்து அவர் மடிக்கணினியையும் போனையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை திருப்பித் தரவில்லை. கணினிப் பயிற்றுநர் கணினி இல்லாமல், கரும்பலகையில் விசைப்பலகை வரைந்து பாடம் நடத்தினார். அதையும் உங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள்.

பன்னிரண்டு என்றேன். கவனித்தீர்களா? ஊரில் திறந்தது பதினொன்று. பதினோரு பெற்றோரும் நாங்கள்தான் பார்க்கச் சொன்னோம் என்று கையெழுத்துப் போட்டோ கைநாட்டு வைத்தோ கொடுத்துவிட்டார்கள். அந்தப் பதினொன்றும் நிற்காது என்றார் வழக்கறிஞர். பன்னிரண்டாவதுதான் நின்றது. ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பையனின் கோப்பு. ஜூன் பன்னிரண்டாம் தேதி, எங்கள் மையத்துக் கணினியில் திறந்தது என்று இணையதளத்தின் பதிவேட்டில் இருந்தது. அதற்கு யாரும் அனுமதி தரவில்லை.

அந்த எண்ணைத் தட்டியது நான்.

ஆமாம், நான்தான். ஜெயசுதா. என் கணினியில், என் விரலால், கவனக்குறைவால். சின்னராஜ் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து வந்து மூடச் சொன்னவர், அவ்வளவுதான். போலீஸ் என்னிடம் கேட்டபோது என்ன சொன்னேன்? "மையத்துல இருந்து தொறந்தது யாரு?" என்று கேட்டார்கள். "எனக்குத் தெரியாதுங்க" என்றேன். ஒரே வரி. எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அதே கேள்வியைச் சின்னராஜிடம் கேட்டார்கள். "நான்தான்" என்றார்.

ஏன் சொல்லவில்லை? என் ஆபரேட்டர் ஐடியை முடக்கிவிடுவார்கள், மையம் போய்விடும், வீட்டுக்காரர் படுக்கையில் இருக்கிறார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காரணமெல்லாம் உண்மைதான். காரணம் உண்மையாக இருப்பதால் செய்தது சரியாகிவிடுமா?

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவரிடம் போய், "சொல்லிடறேன் சின்னராஜு" என்றேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். "இன்னாக்கா, ரெண்டு பேரு மாட்டிக்கினு இன்னா ஆவப் போவுது? நீங்க அங்க இருந்தாத்தான் மலையிலர்ந்து வர்றவங்களுக்கு ஃபார்ம் போட ஆளிருக்கும். உடுங்க" என்றார். விட்டுவிட்டேன். எவ்வளவு சீக்கிரம் விட்டுவிட்டேன்! அவர் மறுபடி ஒரு முறை சொல்வதற்குக்கூட நான் காத்திருக்கவில்லை. ஒன்பது வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் காலையில் என் கடை வாசல் வழியாகத்தான் பேருந்துக்குப் போவார். கை காட்டுவார். நானும் கை காட்டுவேன்.

மூன்று நாளைக்கு முன் தேவயானியிடம் போய்ச் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். ஏசினாலாவது தேவலை. அவள் சொன்னது இவ்வளவுதான்: "எங்கிட்ட மட்டும் சொன்னா பத்தாதுங்க. மைக்குல சொல்லுங்க." அவள் சொன்னதால்தான் இங்கே நிற்கிறேன்.

பெரியோர்களே! நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக உங்கள் விவரங்களைக் கணினியில் ஏற்றுகிறவள். அந்த உரிமையில் கேட்கிறேன். நீங்கள் நீங்கள்தான் என்று நிரூபிக்க ஒன்பது ஆவணம் கேட்கிறார்கள். கைரேகை கேட்கிறார்கள். வெயிலிலும் மண்ணிலும் தேய்ந்த உங்கள் விரலை, துடைத்துவிட்டு மறுபடி வை, மறுபடி வை என்கிறார்கள். உங்கள் கோப்பைப் பார்க்கிறவன் யார் என்று அந்த இணையதளம் ஒரு கேள்வியாவது கேட்டதா? பூட்டாமல் போனவனுக்கு இன்னும் ஒப்பந்தம் இருக்கிறது. திறந்து கிடக்கிறது என்று சொன்னவருக்கு வழக்கு. இது என்ன நியாயம்?

இன்று காலை கடையைத் திறந்ததும் எனக்கு ஒரு எண்ணம் வந்தது. அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்களா? ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். விரல் விசைமேல் போய் நின்றது. பார்த்தால் நானும் சட்டப்படி குற்றவாளி. பார்க்காவிட்டால், அடுத்த மாதம் விண்ணப்பம் தொடங்கும்போது, திறந்து கிடக்கிறதா பூட்டியிருக்கிறதா என்று தெரியாத அதே வீட்டுக்குள் உங்கள் பிள்ளைகளின் படத்தையும் போன் எண்ணையும் நானே கொண்டுபோய் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் உதவித்தொகை இல்லை. படிப்பு இல்லை. என்ன செய்வது? எனக்கு விடை தெரியவில்லை. தெரிந்த மாதிரி நடிக்க இங்கே வரவில்லை.

செய்ய முடிந்ததைச் சொல்கிறேன். இந்த ஆண்டு என் மையத்துக்கு வரும் ஒவ்வொரு பெற்றோரிடமும் இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் விண்ணப்பம் போடுவேன். ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரு மனு போகும்: என் பிள்ளையின் கோப்பு பூட்டியிருக்கிறதா, இதுவரை யார் யார் திறந்தார்கள், எழுத்தில் பதில் கொடு என்று. ஒருவர் கேட்டால் போனை வைத்துவிடுவார்கள். முந்நூறு பேர் கேட்டால்? சின்னராஜ் சாரின் மாணவர்கள் அந்த மனுவை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாரா வாரம் அவர் நடத்திய வகுப்பை அவர்களே நடத்துவார்கள். ஓடிபியை நீங்களே படிக்கும் வரை வரிசை நிற்கட்டும். நான் முணுமுணுக்க மாட்டேன்.

இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் வழக்கு அதோடு முடிந்துவிடும் என்று சக்திவேல் சார் விளக்கினார். விடுதலை என்று எழுதமாட்டார்களாம். இறந்துவிட்டார் என்று எழுதி மூடிவிடுவார்களாம். தேவயானியின் மகள் வளர்ந்து பெரியவளாகி அந்தக் காகிதத்தைப் படித்தால், அப்பா குற்றவாளியா இல்லையா என்று அதில் இருக்காது.

அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். நீதிமன்றம் வாங்கிக்கொள்ளுமா, அதற்கு ஏதாவது மதிப்பு இருக்குமா என்று வக்கீலுக்கே நிச்சயமில்லை. "அடுத்து உங்க மேலயே கேஸ் போடலாம்மா, யோசிச்சிக்குங்க" என்றார். இரண்டு ஆண்டுகள் யோசித்தாயிற்று.

சின்னராஜ், உங்களுக்கு அஞ்சலி சொல்லும் தகுதி எனக்கு இன்னும் வரவில்லை. மன்னிப்புக் கேட்கவும் நீங்கள் இல்லை.

சக்திவேல் சார், கொஞ்சம் எழுந்து வாருங்கள். இந்தக் காகிதத்தில் என் பெயர் இருக்கிறது, முகவரி இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. தேதியை மட்டும் போடாமல் வைத்திருந்தேன். மூன்று நாளாகப் பயந்துகொண்டு காலியாக விட்டிருந்தேன். ஒரு பேனா கொடுங்கள் சார். உங்கள் எல்லோர் முன்னாலும் இன்றைய தேதியைப் போடுகிறேன்.

போட்டுவிட்டேன். வாங்கிக்கொள்ளுங்கள்.